2,600 ஏக்கர் 1,60,000 ஏக்கர் ஆன கதை

(மில் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கலந்துகொண்ட படிப்பு வகுப்பில் நிகழ்த்திய உரை)



இன்று ஒரு குடும்பத்தின் சரித்திரத்தைச் சொல்லப் போகிறேன். அமெரிக்காவில் நியூயார்க் மாகாணத்தில், ஹட்சன் நதிக்கரையில் வாழ்ந்த லிவிங்ஸ்டன் என்ற நிலப்பிரபுக் குடும்பம் அது. பெரிய குடும்பங்களின் சரித்திரம் என்றால் என்ன எழுதுவார்கள்? யார் யாருக்குப் பிறந்தார், யாரை மணந்தார், எந்தப் பதவி வகித்தார், எந்த மாளிகையில் வசித்தார் என்று எழுதுவார்கள். அந்த மாளிகைக்குக் கோதுமை அளந்தவன் யார், அதற்கு முன்னால் அந்த மண்ணில் சோளம் விதைத்தவன் யார் என்பது அந்தப் புத்தகங்களில் ஓரத்தில் கிடக்கும். நாம் அந்த ஓரத்தையும் சேர்த்துப் படிப்போம்.

அகதியின் மகன்

குடும்பத்தை ஸ்தாபித்தவர் பெயர் ராபர்ட் லிவிங்ஸ்டன். 1654-ல் ஸ்காட்லாந்தில் ஆன்க்ரம் என்ற ஊரில் பிறந்தார். பணக்கார வீட்டுப் பிள்ளையல்ல. தகப்பனார் ஒரு பாதிரியார். மத விஷயத்தில் மன்னனுக்குப் பணிந்து சத்தியம் செய்ய மாட்டேன் என்று மறுத்ததால் 1663-ல் நாடு கடத்தப்பட்டார். குடும்பம் ஹாலந்து தேசத்தில் ராட்டர்டாம் துறைமுகத்தில் தஞ்சம் புகுந்தது. அங்கேதான் சிறுவன் ராபர்ட் டச்சு பாஷையையும் வியாபாரக் கணக்கையும் கற்றுக்கொண்டான்.

தகப்பனார் இறந்த மறு வருஷம், 1673-ல், ராபர்ட் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். 1674-ல் ஆல்பனி என்ற ஊருக்கு வந்து சேர்ந்தார். டச்சுக்காரர்கள் அமைத்த குடியேற்றம் அது. அதை அப்போதுதான் ஆங்கிலேயர் நிரந்தரமாகக் கைப்பற்றியிருந்தார்கள். ஊர் ஜனங்கள் பேசுவது டச்சு, அதிகாரிகள் பேசுவது ஆங்கிலம். இரண்டும் தெரிந்த வாலிபனுக்குக் கிராக்கி எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். 20 வயது சுமாருக்கே ஊர்க் குமாஸ்தா வேலை கிடைத்தது. இந்தியர்கள் என்று வெள்ளையர் அழைத்த ஆதிகுடிகளோடு நடக்கும் பேச்சுவார்த்தைகளை எழுதி வைக்கும் காரியதரிசி வேலையும் கிடைத்தது. பத்திரம் எழுதுகிறவரும் அவரே, நிலம் வாங்குகிறவரும் அவரே! இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நிக்கலஸ் வான் ரென்சலேர் என்ற நிலப்பிரபுக் குடும்பத்துக்காரரிடமும் ராபர்ட் காரியதரிசியாக இருந்தார். எஜமானர் 1678-ல் காலமானார். மறு வருஷமே அவருடைய விதவை அலிடாவை ராபர்ட் மணந்துகொண்டார். அலிடா ஸ்கைலர் என்ற பெரிய வியாபாரக் குடும்பத்தின் பெண். மிகுந்த கெட்டிக்காரி. பிற்காலத்தில் கணவர் அரசியலுக்கும் வியாபாரத்துக்கும் ஊர் ஊராக அலைந்தபோது பண்ணையையும் மாவு மில்லையும் கணக்கு வழக்கையும் நடத்தியவர் அந்த அம்மாள்தான்.

பத்திரத்தில் விளைந்த நிலம்

இனி நிலத்துக்கு வருவோம். 1683-ல் ஹட்சன் நதிக்கரையில் சுமார் 2,000 ஏக்கரை மொஹிகன் ஜனங்களிடமிருந்து ராபர்ட் வாங்கினார். விலையாகக் கொடுத்தது என்ன? சிப்பிமணிக் காசு, கம்பளி, சட்டை, துப்பாக்கி, வெடிமருந்து, கோடாரி, கொப்பரை, கத்தி, முகம் பார்க்கும் கண்ணாடி, தூண்டில் முள், புகையிலை, ரம் சாராயம். மொஹிகன்களுக்கு நிலத்தை விற்பது என்ற வழக்கமே கிடையாது. தாங்களும் வேட்டையாடலாம், விதைக்கலாம், வந்தவனும் இருந்து கொள்ளலாம் என்பதுதான் அவர்கள் அறிந்த ஏற்பாடு. வெள்ளையர் பத்திரத்தின் பொருளோ வேறு. கையெழுத்துக்குப் பதிலாக அவர்கள் போட்ட குறி, தலைமுறை தலைமுறையாக மண்ணை விட்டு வெளியேற்றும் குறியாகிவிட்டது.

1685-ல் டக்கானிக் என்ற இடத்தில், உள்நாட்டுப் பக்கமாக, இன்னொரு 600 ஏக்கர் வாங்கினார். ஆக மொத்தம் 2,600 ஏக்கர். ஒரு துண்டு ஆற்றங்கரையில், மற்றொரு துண்டு கிழக்கே மலையடிவாரத்தில். இடையே பல மைல் தூரம்.

1686-ல் நியூயார்க் கவர்னர் தாமஸ் டோங்கன் ஒரு சாசனம் அளித்தார். ராபர்ட் லிவிங்ஸ்டனுடைய நிலம் முழுவதும் இனி ஒரே 'மேனர்', அதாவது நம் பாஷையில் ஜமீன், என்று அந்தச் சாசனம் சொல்லிற்று. அதில் ஒரு தந்திரம் இருந்தது. பல மைல் விலகிக் கிடந்த இரண்டு துண்டுகளும் ஒன்றையொன்று ஒட்டிக் கிடப்பதாக எழுதப்பட்டிருந்தது. எல்லைகளை அப்படி இழுத்துக் கோடு போட்டால் நடுவில் கிடந்த காடு, மலை, ஓடை எல்லாம் உள்ளே வந்துவிடும். வந்துவிட்டது! 2,600 ஏக்கர் 1,60,000 ஏக்கர் ஆயிற்று. 250 சதுர மைல். காசு கொடுத்தது ஒரு ஏக்கருக்கு என்றால் பத்திரத்தில் ஏறியது 61 ஏக்கர்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நாம் சொல்வோம். லிவிங்ஸ்டனின் ஏட்டுச் சுரைக்காய் ஏழு தலைமுறைக்குக் கறியாயிற்று.

சாசனத்தில் இன்னும் சலுகைகள் உண்டு. ஜமீனுக்குள் சொந்தக் கோர்ட் நடத்தலாம். தேவாலயத்துக்குப் பாதிரியாரை நியமிக்கலாம். 1715-ல் மன்னன் முதலாம் ஜார்ஜ் பெயரால் சாசனம் ஊர்ஜிதமானபோது மாகாணச் சட்டசபைக்கு ஒரு பிரதிநிதியை அனுப்பும் உரிமையும் சேர்ந்தது. பிரதிநிதி யார்? ராபர்ட்டேதான். 1718-ல் அவர் சபாநாயகரும் ஆனார்.

கடற்கொள்ளையும் ரொட்டிக் காண்டிராக்டும்

நிலத்தோடு நிற்கிற ஆசையா அது? 1695-ல் ராபர்ட் லண்டனுக்குப் போயிருந்தார். அங்கே பெல்லமான்ட் பிரபுவுக்கு வில்லியம் கிட் என்ற கப்பல் தலைவனை அறிமுகம் செய்துவைத்தார். கடற்கொள்ளைக்காரரையும் எதிரிக் கப்பல்களையும் பிடித்து, கிடைக்கும் பொருளைப் பங்கு போட்டுக்கொள்வது என்று ஏற்பாடு. லண்டன் சீமான்கள் முதல் போட்டார்கள். ராபர்ட் கிட்டுக்கு ஜாமீன் நின்றார்.

அந்தக் கிட் எங்கே வந்தான் தெரியுமா? நம் மலையாளக் கடற்கரைக்கு! கொள்ளைக்காரனைப் பிடிக்க வந்தவன் தானே கொள்ளைக்காரன் ஆனான். 1698 ஜனவரியில் வங்காளத்துப் பட்டும் மஸ்லினும் சர்க்கரையும் ஏற்றிவந்த 'க்வேடா மெர்ச்சன்ட்' என்ற கப்பலை இந்தக் கரைக்கு அப்பால் பிடித்தான். நம் தேசத்து நெசவாளி நெய்த துணி அமெரிக்க நிலப்பிரபுவின் கூட்டு வியாபாரத்தில் கொள்ளைப் பொருளாயிற்று. விஷயம் அம்பலமானதும் சீமான்கள் கையைக் கழுவிக்கொண்டார்கள். கிட் 1701-ல் லண்டனில் தூக்கிலிடப்பட்டான். முதல் போட்டவர்களில் ஒருவரும் தூக்குமேடை ஏறவில்லை. லிவிங்ஸ்டனின் ஜமீனும் அசையவில்லை.

1710-ல் இன்னொரு வாய்ப்பு. ஜெர்மனியில் பாலட்டினேட் என்ற பிரதேசத்து ஏழை விவசாயிகள் யுத்தத்தாலும் 1709-ன் கொடும் குளிராலும் ஊரை விட்டு ஓடி லண்டனில் அகதிகளாகக் குவிந்திருந்தார்கள். அவர்களில் சுமார் 3,000 பேரை ஆங்கில சர்க்கார் கப்பலேற்றி நியூயார்க்குக்கு அனுப்பியது. பைன் மரத்திலிருந்து தார் எடுத்துக் கடற்படைக்குக் கொடுக்க வேண்டும், அந்த உழைப்பால் வழிச்செலவுக் கடனை அடைக்க வேண்டும், பிறகு நிலம் கிடைக்கும் என்று சொன்னார்கள். கப்பலிலும் கரையிலும் காய்ச்சலில் நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். அநாதைக் குழந்தைகளைப் பிடித்து ஊர் ஊராகத் தொழில் பழக ஒப்பந்தம் எழுதி அனுப்பிவிட்டார்கள். அப்படி ஓர் அச்சுக்கூடத்தில் சேர்க்கப்பட்ட சிறுவன் ஜான் பீட்டர் ஜெங்கர். பிற்காலத்தில், 1735-ல், கவர்னரை எதிர்த்துப் பத்திரிகை நடத்தியதற்காகக் குற்றவாளிக் கூண்டில் நின்று, ஜூரர்களால் விடுதலையான அதே ஜெங்கர்தான்.

இந்த அகதிகள் தங்குவதற்கு 6,000 ஏக்கரைக் கவர்னர் ஹண்டருக்கு விற்றவர் ராபர்ட் லிவிங்ஸ்டன். அவர்களுக்கு ரொட்டியும் பீரும் சப்ளை செய்யும் காண்டிராக்டும் அவருக்கே. மாவு அரைப்பது அவர் மில்லில். நிலத்துக்கும் காசு, பசிக்கும் காசு! தார் வேலை தோற்றது. வாக்களித்த நிலத்தைக் கொடு என்று 1711-ல் ஜனங்கள் ஆயுதத்தோடு திரண்டபோது கவர்னர் பட்டாளத்தைக் கொண்டுவந்து ஆயுதங்களைப் பறித்தார். 1712-ல் ரேஷனையும் நிறுத்திவிட்டு, பிழைத்துக்கொள்ளுங்கள் என்று கைவிட்டார். பலர் ஸ்கோஹாரி பள்ளத்தாக்குக்கு நடந்தே போனார்கள். போக முடியாதவர்களில் பலர் ஜமீனுக்குக் குத்தகைக்காரர் ஆனார்கள். ஆள் இல்லாத நிலத்துக்கு மதிப்பு ஏது? உழவன் வந்த பிறகுதானே பத்திரம் பணமாகிறது!

குத்தகைச் சீட்டில் என்ன இருந்தது?

1728-ல் ராபர்ட் இறந்தார். ஜமீன் உயிரோடிருந்த பிள்ளைகளில் மூத்தவரான பிலிப்புக்கும், 'கிளெர்மான்ட்' என்று பெயர் பெற்ற சுமார் 13,000 ஏக்கர் இளையவர் ராபர்ட்டுக்கும் போயிற்று. பிலிப் ஜமீனை மட்டும் ஆளவில்லை. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளைக் கொண்டுவரும் கப்பல்களிலும் முதல் போட்டார். 1740-களில் ஆன்க்ரம் என்ற பெயரிலேயே ஓர் இரும்பாலை ஏற்படுத்தினார். பாட்டன் அகதியாக விட்டு வந்த ஊரின் பெயர் பேரப்பிள்ளைகள் காலத்தில் கொல்லுலையின் பெயர். ஆலையிலும் மாளிகையிலும் விலைக்கு வாங்கிய கறுப்பு மக்கள் வேலை செய்தார்கள். நியூயார்க்கில் அடிமை முறை முற்றாக ஒழிந்தது 1827-ல்தான்.

குத்தகைக்காரர் கதியைப் பார்ப்போம். நிலம் இரண்டு மூன்று ஆயுள் காலத்துக்குக் குத்தகை. சீட்டில் பெயர் எழுதிய ஆட்களில் கடைசி ஆள் கண்ணை மூடினால் குத்தகை முடிந்தது. காட்டை வெட்டித் திருத்தியது, வேலி போட்டது, வீடும் களஞ்சியமும் கட்டியது எல்லாம் பிரபுவுக்கு. வருஷந்தோறும் குறித்த அளவு கோதுமை அளக்க வேண்டும். கொழுத்த கோழிகள் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். சொந்த வண்டியும் குதிரையும் கொண்டுவந்து கூலியில்லாமல் சில நாள் வேலை செய்ய வேண்டும். பிரபுவின் மில்லில்தான் அரைக்க வேண்டும். குத்தகை உரிமையை வேறொருவனுக்கு மாற்றினால் அந்தத் தொகையிலும் பிரபுவுக்கு ஒரு பங்கு. உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது என்ற பழமொழியை ஹட்சன் கரை விவசாயியிடம் சொன்னால் உடனே புரிந்துகொண்டிருப்பான்.

நூறு வருஷப் போராட்டம்

அவன் சும்மா இருந்தானா? இல்லை. 1750-களில் மூன்றாவது ஜமீன்தார் ராபர்ட் காலத்தில், கிழக்கு எல்லையில் இருந்த குத்தகைக்காரர்கள் குத்தகை தர மறுத்தார்கள். இந்த நிலம் லிவிங்ஸ்டனுடையதே அல்ல, மாசசூசெட்ஸ் மாகாணத்தைச் சேர்ந்தது என்றார்கள். எங்கள் நிலத்துக்கு லிவிங்ஸ்டன் விலை கொடுக்கவேயில்லை என்று மொஹிகன்களும் முறையிட்டார்கள். பிரபு ஆட்களை ஏவினார். 1755-ல் ஒரு விவசாயி சுட்டுக் கொல்லப்பட்டார்.

1766-ல் ஹட்சன் பள்ளத்தாக்கு முழுவதும் கிளர்ச்சி. லிவிங்ஸ்டன் ஜமீனில் சுமார் 200 குத்தகைக்காரர்கள் மாளிகையை நோக்கிப் புறப்பட்டதையும், ஆயுதம் தாங்கிய 40 பேர் அவர்களைக் கலைத்ததையும் ஒரு பிரிட்டிஷ் ராணுவ எஞ்சினியர் தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். தெற்கே வேறு நிலப்பிரபுவின் குத்தகைக்காரர்களுக்குத் தலைமை தாங்கிய வில்லியம் பிரெண்டர்காஸ்டுக்கு ராஜத்துரோகக் குற்றத்துக்காக மரண தண்டனை விதித்தார்கள். அவர் மனைவி மெஹிடபெல் குதிரையேறி நியூயார்க் கவர்னரிடம் போய் மன்றாடி தண்டனையை நிறுத்தி வைத்தார். பிறகு மன்னன் மன்னித்தான். அந்தக் காலத்தில் மாகாண உயர் கோர்ட்டின் நீதிபதிகளில் ஒருவர் யார் தெரியுமா? கிளெர்மான்ட் கிளையின் ராபர்ட் ஆர். லிவிங்ஸ்டன்!

இப்போது ஒரு சிக்கலான கட்டம் வருகிறது. பொறுமையாகக் கேளுங்கள். 1776-ல் அமெரிக்கா பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராகச் சுதந்திரப் பிரகடனம் செய்தது. இரண்டாவது ஜமீன்தாரின் மகன் பிலிப் லிவிங்ஸ்டன் அதில் கையெழுத்திட்டார். நீதிபதியின் மகன், அப்பா பெயரையே கொண்ட ராபர்ட் ஆர். லிவிங்ஸ்டன், அந்தப் பிரகடனத்தைத் தயாரிக்க நியமித்த ஐவர் கமிட்டியில் ஒருவர். 1777-ல் பிரிட்டிஷ் படை கிளெர்மான்ட் மாளிகையைக் கொளுத்தியது. இவர்கள் பிரிட்டனை எதிர்த்தது மெய். அந்தச் சுதந்திரம் உலகத்துக்கே ஒரு பெரிய காரியம் என்பதும் மெய்.

ஆனால் இவர்களுடைய குத்தகைக்காரர்கள்? 1777 மே மாதத்தில் நூற்றுக்கணக்கானோர் மன்னன் பக்கம் எழுந்தார்கள்! ஏன்? மன்னன் மீது பிரேமையா? இல்லை. மன்னன் ஜெயித்தால் கலகக்கார ஜமீன்தாரின் நிலம் பறிமுதலாகும், உழுகிற நமக்குக் கிடைக்கும் என்று நம்பினார்கள். பிரிட்டிஷ் படை வருமுன்பே அவசரப்பட்டார்கள். உள்ளூர்ப் படை அடக்கியது. சிலர் மாண்டார்கள். நூற்றுக்கணக்கானோர் கைதானார்கள். சுதந்திரம் என்ற வார்த்தையைச் சொல்கிறவன் கையிலேயே குத்தகைச் சீட்டும் இருந்தால், கேட்கிறவன் காதில் அந்த வார்த்தை எப்படி விழும்? இவர்களைத் துரோகிகள் என்று ஒரே வரியில் ஒதுக்கியவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

யுத்தம் முடிந்தது. மன்னன் கட்சிப் பிரபுக்களின் நிலங்கள் பறிமுதலாயின. லிவிங்ஸ்டன் நிலம் அப்படியே நின்றது. 1789 ஏப்ரல் 30-ந் தேதி ஜார்ஜ் வாஷிங்டனுக்கு ஜனாதிபதியாகப் பதவிப் பிரமாணம் செய்து வைத்தவர் அதே ராபர்ட் ஆர். லிவிங்ஸ்டன். 1803-ல் பாரிசில் 1 கோடி 50 லட்சம் டாலருக்கு லூசியானா பிரதேசத்தைப் பிரான்சிடமிருந்து வாங்கப் பேச்சு நடத்தியவரும் அவரே. 1807-ல் ஃபுல்டனின் நீராவிக் கப்பலுக்குப் பணம் போட்டு, ஹட்சன் நதிக்கே ஏகபோக உரிமை பெற்றவரும் அவரே. அந்த ஏகபோகத்தை 1824-ல் உச்ச நீதிமன்றம் உடைத்தது.

பத்திரத்தைக் காட்டு!

1795-ல் ஜமீனின் குத்தகைக்காரர்கள் 200 பேருக்கு மேல் கையெழுத்திட்டுச் சட்டசபைக்கு ஒரு மனு அனுப்பினார்கள். முதல் கையெழுத்து பெட்ரஸ் புல்வர் என்ற விவசாயியுடையது. மனுவின் சாரம் இதுதான்: 'ராபர்ட் வாங்கியது 2,600 ஏக்கர். 1,60,000 எங்கிருந்து வந்தது? பத்திரத்தைப் பரிசீலனை செய்யுங்கள்.' 109 வருஷத்துக்குப் பிறகும் அந்தக் கணக்கை அவர்கள் மறக்கவில்லை! மனு நிராகரிக்கப்பட்டது.

பொறி அணையவில்லை. 1839-ல் பக்கத்து வான் ரென்சலேர் பண்ணையில் பாக்கிக் குத்தகை வசூலை எதிர்த்துப் பெரும் கிளர்ச்சி மூண்டது. 1844-ல் அது லிவிங்ஸ்டன் பூமிக்கும் பரவியது. சீட்டித் துணி அங்கியும் முகமூடியும் அணிந்து 'இந்தியர்' வேஷத்தில் விவசாயிகள் வந்தார்கள். சாப்பாட்டுக்குக் கூப்பிடும் தகரக் கொம்புதான் சங்கநாதம். ஒரு வீட்டில் ஜப்தி என்றால் கொம்பு ஊதும். மலை முழுக்க எதிரொலிக்கும். நூற்றுக்கணக்கில் கூடிவிடுவார்கள். அந்த டிசம்பரில் கோபேக் என்ற ஊரில் ஷெரீபின் ஜப்திக் காகிதங்களைப் பிடுங்கிக் கொளுத்தினார்கள். தலைமை தாங்கியவர் டாக்டர் ஸ்மித் பாட்டன், வேஷப் பெயர் 'பேரிடி'. சில நாளில் அவர் கைதானார். 1845 மார்ச்சில் முதல் விசாரணையில் ஜூரர்கள் ஒருமிக்கவில்லை. செப்டம்பரில் இரண்டாவது விசாரணை. அதில் சர்க்கார் வக்கீலும் எதிர்க்கட்சி வக்கீலும் கோர்ட்டிலேயே குத்துச்சண்டை போட்டு, நீதிபதி இருவரையும் 24 மணி நேரம் சிறையில் வைத்தார். பாட்டனுக்கு ஆயுள் தண்டனை.

ஆனால் குத்தகைக்காரர்கள் ஓட்டுப் போட ஆரம்பித்திருந்தார்கள். குத்தகை எதிர்ப்பு என்பதே தேர்தல் கோஷமாயிற்று. 1846-ல் நியூயார்க்கின் புதிய அரசியல் சட்டம் நிலப்பிரபுத்துவப் பாத்தியதைகளை ஒழித்தது. விவசாய நிலத்தை 12 வருஷத்துக்கு மேல் குத்தகைக்கு விடக்கூடாது என்றது. விவசாயிகள் ஆதரவோடு ஜெயித்த கவர்னர் ஜான் யங் 1847-ல் பாட்டனை விடுதலை செய்தார். பழைய குத்தகைச் சீட்டுகளை அந்தச் சட்டம் ரத்து செய்யவில்லை. என்றாலும் பிரபுக்களின் முதுகெலும்பு முறிந்துவிட்டது. நிலம் மெல்ல மெல்ல உழுதவனிடமே விலைக்குப் போயிற்று. விலைக்கு என்பதைக் கவனியுங்கள். தான் திருத்திய மண்ணையே காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்தது.

யாருக்கு என்ன மிஞ்சியது?

கணக்கை முடிப்போம். ஏழு தலைமுறை லிவிங்ஸ்டன்கள் கிளெர்மான்ட் மாளிகையில் வாழ்ந்தார்கள். 1962-ல் அது நியூயார்க் மாநில அரசுக்கு வந்தது. இன்று அது பொது ஜனங்கள் பார்க்கும் நினைவிடம். ஜனாதிபதி ரூஸ்வெல்டின் மனைவி எலினோர் இந்த வம்சத்தின் கிளையில் வந்தவர்.

குத்தகைக்காரனுக்குக் கிடைத்தது அவனுடைய நிலம், காலம் கடந்து, காசு கொடுத்து. கறுப்பு மக்களுக்குக் கிடைத்தது விடுதலை, நிலம் இல்லாமல். அவர்கள் உழைத்த வருஷங்களுக்கு யாரும் கூலி கணக்குப் பார்க்கவில்லை.

மொஹிகன்கள்? மாசசூசெட்ஸ், பிறகு நியூயார்க்கின் மத்தியப் பகுதி, பிறகு வெகு தொலைவில் விஸ்கான்சின் என்று தள்ளிக்கொண்டே போனார்கள். அவர்களுடைய சந்ததியார் இன்று விஸ்கான்சினில் வாழ்கிறார்கள். 1844-ல் ஜப்திக் காகிதத்தைக் கொளுத்திய விவசாயி 'இந்தியன்' வேஷம் போட்டானே, அப்போது நிஜமான மண்ணின் மைந்தன் அந்த மலையில் இல்லை. 2,600 எப்படி 1,60,000 ஆயிற்று என்று கேட்ட குத்தகைக்காரனும், அந்த 2,600 எப்படி வந்தது என்று உரக்கக் கேட்கவில்லை. அவன் குறையைச் சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. பிரபுவின் பலமே அங்கேதான் இருந்தது. வெள்ளை விவசாயி ஒரு பக்கம், கறுப்பு அடிமை ஒரு பக்கம், மொஹிகன் ஒரு பக்கம். மூன்று பேருடைய நியாயமும் ஒரே பத்திரத்துக்குள் அடைபட்டுக் கிடந்தது. மூவரும் ஒருமுறைகூட ஒரே கூட்டத்தில் நின்று அந்தப் பத்திரத்தைக் கேட்கவில்லை.

ஆனாலும் தோழர்களே, 1686-ல் எழுதிய ஒரு பொய்க் கணக்கை எழுத்து வாசனை குறைந்த விவசாயிகள் 160 வருஷம் ஞாபகம் வைத்திருந்து, பிள்ளைகளுக்குச் சொல்லி, கடைசியில் சட்டத்தையே மாற்றினார்கள் அல்லவா? பெரிய வீட்டு வம்சாவளியைப் படிக்கும்போதெல்லாம் அந்த ஒரு கேள்வியையும் சேர்த்துப் படியுங்கள்: பத்திரத்தில் எத்தனை, வாங்கியது எத்தனை?